யோ-யோவும் ஹாக்கி முகமூடியும்

நேற்று ராத்திரி பாளையங்கோட்டை வீட்டில் 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' மூன்றாம் பாகம் பார்த்தோம். 1982-இல் முப்பரிமாணத்தில் (3D) வந்த கொலைத் திகில் படம். நாங்கள் பார்த்ததோ கண்ணாடி எதுவும் இல்லாமல், சாதாரண டிவியில். வினையே அதுதான். ஒருத்தன் யோ-யோவை நேராக நம் மூக்குக்கு விடுகிறான், சோளப்பொரி முகத்துக்கு எகிறுகிறது, ஒரு கட்டத்தில் கண்முழியே பிதுங்கிப் பாய்ந்து வருகிறது.

"ஏ மாப்ள, இவன் கொல்ல வந்தானா, ஆனித் திருவிழாப் பொருட்காட்சில வித்த காட்ட வந்தானா?" என்றான் மச்சான். சித்தி பையன் மட்டும் தலையணையைக் கடைசிவரை விடவில்லை. அவனுக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது.

எனக்கு? கதை, இரண்டாம் பாகத்து மாவில் சுட்ட அதே தோசை. ஆனால் கொலைகாரன் ஜேசன், பிறகு அவன் அடையாளமாகவே ஆகிப்போன அந்த ஹாக்கி முகமூடியை முதன்முதலாக மாட்டுவது இதில்தான். இரண்டாம் பாகத்தில் தலையில் வெறும் சாக்கு, முதல் பாகத்தில் கொலைகாரி அவன் அம்மா. (கதையை உடைத்துவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள், நாற்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு.) அந்த முகமூடிக்காகவே யோ-யோவை மன்னித்துவிட்டேன்.

அவ்வளவு திட்டிய மச்சான் காலையில் போன் போடுகிறான்: "நாலாவது பாகம் இருக்கா மாப்ள?"