ரோபோ கைக்கு கேஸ் ஸ்பிரிங்: கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்

காரைக்குடியில் பொறியியல் படித்தபோது ரோபோ போட்டிக்கு உழைத்த அனுபவத்தில், அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். ரோபோவின் கை எழும்பவில்லை என்றால் உடனே பெரிய மோட்டார் தேடாதீர்கள். எடையைத் தாங்கும் வேலையை கேஸ் ஸ்பிரிங்கிடம் விட்டால் சின்ன மோட்டாரே போதும். மோட்டாரைக் கழற்றிவிட்டு ஒரு விரலால் கையைத் தூக்கினால், விட்ட இடத்தில் நிற்கும். அதைப் பார்க்கும் சந்தோஷமே தனி.

கார் டிக்கியைத் தாங்குகிறதே, அதே சாமான்தான். உள்ளே அழுத்தப்பட்ட நைட்ரஜன் இருக்கும். விசை எத்தனை நியூட்டன் என்று உருளையிலேயே அச்சிட்டிருப்பார்கள். கை 3 கிலோ, எடை மையம் கை சுழலும் அச்சிலிருந்து 40 செ.மீ. தள்ளி என்று வையுங்கள். கை கிடையாக இருக்கும்போது டார்க் (அதைச் சுழற்றப் பார்க்கும் திருப்புவிசை) 3 × 9.8 × 0.4, அதாவது சுமார் 11.8 நியூட்டன் மீட்டர். ஸ்பிரிங்கின் விசைக்கோடு, அதாவது அது தள்ளும் நேர்க்கோடு, அச்சிலிருந்து 8 செ.மீ. தள்ளிப் போனால் 147 நியூட்டன் தேவை. சரி, 150 வாங்கலாம்.

ஆனால் இது பாதிக் கணக்குதான். கை மேலே போகப் போக எடையின் டார்க் குறையும். ஸ்பிரிங்கின் விசை அவ்வளவாக மாறாது. எனவே அந்த 8 செ.மீ.தான் கூடவே குறைய வேண்டும். அட்டையில் கையை வெட்டி, குண்டூசியில் சுழலவிட்டு, 15 டிகிரிக்கு ஒருமுறை அந்தத் தூரத்தை அளந்து அட்டவணை போடுங்கள். "ஏன் 150?" என்று நடுவர் கேட்டால் நீட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் சேருங்கள். தகரக் கொட்டகையில் 40 டிகிரியில் சரியாக நின்ற கை, 24 டிகிரி ஏ.சி. அரங்கில் தாழும், விசை சுமார் 5 சதவீதம் குறைந்துவிடும். அந்த இடைவெளியை மோட்டார் சமாளிக்க வேண்டும்.

டாம்பர் வேறு சாமான். அது எடையைத் தாங்காது, நகரும்போது மட்டும் எதிர்க்கும். கை கடைசியில் டமாரென்று மோதாமல் இருக்க அது நல்லது. ஸ்பிரிங்கைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தால் டாம்பர் போட்டு ஈடுகட்ட முடியாது.

ஸ்பிரிங்கின் ராடு கீழே பார்க்கட்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் எண்ணெய், வாயு கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை நனைக்கும். உருளையில் துளையோ வெல்டிங்கோ கூடவே கூடாது. மோட்டாரையும் கையையும் இணைக்கும் செயினைக் கழற்றும் முன், ரோபோவின் கை அசையாதபடி ஒரு கம்பி (pin) செருகிப் பூட்டுங்கள், இல்லையென்றால் முகத்தில் அடிக்கும்.

அப்புறம், விதிப்புத்தகம். எஃப்.ஆர்.சி. (FIRST Robotics Competition) என்ற பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச ரோபோ போட்டியில், கடையில் வாங்கிய மூடிய கேஸ் ஷாக்குக்கு, அதாவது இதே கேஸ் ஸ்பிரிங்குக்கு, அனுமதி உண்டு. ஆனால் போட்டிக்குப் போட்டி விதி மாறும். அனுமதி இல்லாத இடத்தில் அதே அட்டவணையை வைத்துச் சுருள்வில் தேடுங்கள். அதன் விசை இழுக்க இழுக்கக் கூடும் என்பதால், ஒவ்வொரு கோணத்துக்கும் விசையை அட்டவணையில் தனி நெடுவரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.