ஜவ்வரிசி மில் கழிவுத்தண்ணில கேஸ் எடுத்த கதை

பெங்களூர் பீனியாவுல ஈடிபி டேங்க், அதாவது ஃபேக்டரி கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ற டேங்க், செய்யற ஷெட்ல எனக்கு வேலை. ஆத்தூர் பக்கம் மச்சானுக்கு ஜவ்வரிசி மில் இருக்கு, "ஊருக்கெல்லாம் செஞ்சு தர்ற, நம்ம மில்லு தண்ணியக் கொஞ்சம் பாரு மாப்ள"ன்னு கேட்டுட்டே இருந்தாரு, சரின்னு போன சீசன்ல இறங்கிட்டேன்.

மொதல்ல சாம்பிள். 20 லிட்டர் கேன்ல புடிச்சு நைட் பஸ்ல ஏத்துனேன், ஐஸ் வெச்சிருக்கணும், சோம்பேறித்தனம். ஓசூர் வர்றதுக்குள்ள உள்ள புளிச்சு மூடி லூஸாகி பஸ் பூரா ஊசிப்போன கஞ்சி நாத்தம், கண்டக்டர் திட்டிக்கிட்டே விடிகாலை 4 மணிக்கு எலக்ட்ரானிக் சிட்டியிலயே இறக்கி விட்டுட்டாரு. மில்லுல 6 கிட்ட இருந்த பிஹெச் (7க்குக் கீழ எவ்ளோ எறங்குதோ அவ்ளோ ஆசிட்) ஷெட்ல பாத்தா 4.5. மாவுத்தண்ணி அப்படித்தான், ஒரே ராத்திரில ஆசிட் ஆயிடும். அதுல இருக்குற அழுக்கு, அதாவது சிஓடி, 1 கிலோ கழிஞ்சா கணக்குப்படி 0.35 கன மீட்டர் மீத்தேன் வரணும்னு சொன்னதும் மச்சான் விறகுச் செலவக் கழிச்சுப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு.

யூஏஎஸ்பி டேங்க் வெச்சோம். தண்ணி அடியில நுழைஞ்சு சேத்துப் படுகை வழியா மெதுவா மேல ஏறும், அந்த சேத்துல இருக்குற பாக்டீரியாதான் கேஸ் குடுக்கும். சாணிக்கரைசலும் வேற மில்லு டேங்க்ல இருந்து ஒரு லோடு சேறும் ஊத்தி ஆரம்பிச்சோம். சொதப்புனது இங்கதான். நான் பெங்களூர்ல உக்காந்து போன்லயே நடத்திட்டு இருந்தேன், கேஸ் வந்த சந்தோஷத்துல அவரு வால்வ முழுசா தொறந்துட்டாரு. மூணே நாள்ல நுரை, பிஹெச் 5.2, தீக்குச்சி காட்டுனா கேஸ் எரியாம குச்சிய அணைக்குது! ஆசிட் பண்ற பாக்டீரியா வேகமா பெருகும், மீத்தேன் பண்றது ஆமை, தீனிய மொத்தமா கொட்டுனா ஆமைக்கு ஆசிட்தான் மிஞ்சும். தண்ணிய நிறுத்தி சுண்ணாம்பு விட்டோம், அதுவும் அதிகமாப் போனா சேத்துல கல்லா படியும்னு பாதி சோடா உப்பு. வெளிய வர்ற தண்ணியவே கொஞ்சம் திருப்பி விட்டதுதான் நல்லா வேலை செஞ்சுது, சுண்ணாம்புச் செலவும் கொறஞ்சுது. 5 வாரம் போச்சு.

கேஸ்ல முட்டை நாத்தம் போக பீனியா லேத் பட்டறைல கழிக்கிற இரும்புச் சுருள சோப்பு போட்டுக் கழுவி, துருவேற விட்டு ட்ரம்ல அடைச்சேன். மாத்துறப்ப ஈரமாவே எடுங்க, காஞ்சா தானா சூடேறி பத்திக்கும்.

டேங்க்ல இருந்து வெளிய வர்ற தண்ணிய அப்புறமும் காத்து அடிச்சு மணல் ஃபில்டர்ல விடணும். கெழங்கோட மொத கழுவலுக்கு மட்டும்தான் அந்தத் தண்ணி, மாவுப்பால் எடுக்க போர் தண்ணிதான், அதுல காம்ப்ரமைஸ் இல்ல. வறுக்குற அடுப்புல ஒண்ணு இப்ப கேஸ்ல ஓடுது, இன்னொண்ணு இன்னும் விறகுதான். அந்த கேனை மட்டும் எங்க வீட்ல பால்கனி பக்கம்கூட விடல.