தாய்லாந்துப் பரிசோதனைத் திரைப்படங்களைத் தேர்வுக்குப் படித்த விதம்

முதுகலைத் திரைப்படவியலில் ஆசியத் திரைப்படத் தாளுக்குத் தாய்லாந்து இயக்குநர் அபிசாட்போங் வீரசேதகுலை விருப்பப் பகுதியாக எடுத்துப் படித்தேன். அடுத்து எழுதப்போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கதைச் சுருக்கத்தை மனப்பாடம் செய்யாதீர்கள் என்பதுதான். இவருடைய படங்களில் நினைவும் கனவும் கதையில் பேசப்படுவதைவிடப் படத்தின் கட்டமைப்பிலேயே நிகழ்கின்றன. எனவே படம் எந்த இடத்தில் உடைகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, விடையை அங்கிருந்து தொடங்குவது நல்லது.

2004இல் வெளிவந்த 'டிராபிகல் மாலடி'யை எடுத்துக்கொள்வோம். கெங் என்ற ராணுவ வீரனுக்கும் டோங் என்ற கிராமத்து இளைஞனுக்கும் இடையிலான காதல், ஓர் இரவில் சாலையோரத்தில் ஒருவர் கையை ஒருவர் முகர்ந்து பிரிவதோடு அறுந்துபோகிறது. டோங் இருளுக்குள் நடந்து மறைகிறான். சிறிது நேரத்தில் திரை கறுத்து, புதிய தலைப்போடு வேறொரு படம் போலத் தொடங்குகிறது. அதில் அதே நடிகர்கள், ஒருவர் காட்டில் அலையும் வீரனாகவும் மற்றவர் புலியாக உருமாறும் ஆவியாகவும் வருகிறார்கள். இழந்த காதலுக்கான ஏக்கம் இங்கே வேட்டையாக மாறுகிறது. புலியைக் கொன்று அதை விடுவிக்கலாம், அல்லது அதற்கு இரையாகி அதன் உலகத்துக்குள் போகலாம் என்று ஒரு குரங்கு அவனிடம் சொல்லும் காட்சியை விரித்து எழுதினாலே விடையின் பாதி தேறிவிடும். (குரங்கு பேசுவதைக் கண்டு சிரிப்பு வருவது இயல்புதான், அது அடங்கிய பின் மீண்டும் ஒருமுறை பாருங்கள்.)

மருத்துவர்களான தம் பெற்றோரை நினைவில் வைத்து இயக்குநர் எடுத்த 'சின்ட்ரோம்ஸ் அண்ட் எ செஞ்சுரி'யில் (2006) கிராமத்து மருத்துவமனையில் நடந்த உரையாடல்கள் நகர மருத்துவமனையில் சிறு மாற்றங்களுடன் திரும்ப நிகழ்வதை இதனோடு ஒப்பிடலாம். 2010இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'அங்கிள் பூன்மீ'யைத்தான் எல்லோரும் எழுதுவார்கள் என்பதால் அதைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம் என்பது என் கணிப்பு.

'செமட்ரி ஆஃப் ஸ்ப்ளெண்டர்' (2015) படத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். கோன் கேன் நகரில், பழைய பள்ளிக் கட்டடத்தில் அமைந்த மருத்துவமனையில் ராணுவ வீரர்கள் தூக்க நோயில் கிடக்கிறார்கள். படுக்கையருகே நிற்கும் ஒளிக்குழாய்கள் மெல்ல நிறம் மாறுகின்றன. பிறர் கனவைக் காணும் ஆற்றலுள்ள ஒரு பெண், அவ்வீரர்களைக் கவனித்துக்கொள்ளும் ஜென் என்பவளை மரங்கள் மட்டுமே தெரியும் பூங்காவில் அழைத்துச் சென்று, கண்ணுக்குத் தெரியாத ஓர் அரண்மனையை அறை அறையாக விவரிக்கிறாள். படம் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டில் நடந்த ராணுவப் புரட்சியை இத்தூக்கத்தோடு இணைத்து எழுதலாம். ஆனால் அதையே முழு விளக்கமாக்கினால் கனவு வெறும் குறியீடாகச் சுருங்கிவிடும்.

ஒப்பீட்டு வினா வந்தால் இன்னொரு தாய்லாந்து இயக்குநரான அனோச்சா சுவிச்சகோர்ன்போங்கின் 2016ஆம் ஆண்டுப் படமான 'பை தி டைம் இட் கெட்ஸ் டார்க்' கைகொடுக்கும்; 1976 அக்டோபர் 6 தம்மசாட் பல்கலைக்கழகப் படுகொலையின் நினைவைத் தொட முயலும் அப்படத்தில், ஒரு நேர்காணல் பிற்பாடு வேறு நடிகையரைக் கொண்டு மீண்டும் நிகழ்த்தப்படுவதைச் சுட்டத் தவறாதீர்கள்.