ரெய்ம்ஸ்: ஓர் அரசன் தலை குனிந்த இடம்

நான் ரெய்ம்ஸ் நகரத்துக்குப் போனது, அங்குள்ள மாதா பேராலயத்தின் தரையில் பதித்திருக்கும் ஒரு கல்லுக்காக. பாரிஸின் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரப் பயணம்தான். ஷாம்பெயின் மதுவுக்குப் பேர்போன ஊர். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறைகளில் புட்டி புட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

பேராலயத்தை 1211இல் கட்டத் தொடங்கினார்கள். முகப்பின் இடப்பக்க வாசலில் புன்னகைக்கும் வானதூதர் நிற்கிறார். 1914 செப்டம்பரில் ஜெர்மானியரின் குண்டுவீச்சில் ஆலயம் தீப்பிடித்தபோது அவருடைய தலை கீழே விழுந்து உடைந்தது. உடைந்த துண்டுகளைப் பத்திரப்படுத்தி வைத்து, 1926இல் மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். அந்தப் புன்னகை இன்றைக்கும் அழகு. அதே ஜெர்மனியின் சான்சலர் அடினாவரும் பிரான்சின் அதிபர் தெ கோலும் 1962 ஜூலை 8 அன்று இந்த ஆலயத்தில் சேர்ந்து திருப்பலி கண்டார்கள்.

உள்ளே நடுக்கூடத்தில்தான் நான் தேடிப்போன கல். இந்த ஊர் ஆயர் புனித ரெமிஜியுஸ் பிராங்க் இன அரசன் குளோவிஸுக்குத் திருமுழுக்குக் கொடுத்தது இங்கே என்று அதில் எழுதியிருக்கிறது. இப்போதைய ஆலயம் எழும்புவதற்கு ஏழு நூற்றாண்டுக்கு முந்தைய கதை. அரசி குளோத்தில்தா கிறிஸ்தவள், அரசன் அப்படியில்லை. அவளும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு போரில் தோற்கும் நிலை வந்தபோது, "ஜெயித்தால் உன்னை ஏற்றுக்கொள்கிறேன்" என்று அவளுடைய கடவுளிடம் நேர்ந்துகொண்டான். ஜெயித்தான். ஒரு கிறிஸ்துமஸ் நாளில் தண்ணீரில் இறங்கினான். "தலை குனி. நீ எரித்ததை வணங்கு, வணங்கியதை எரி" என்று ரெமிஜியுஸ் அவனிடம் சொன்னதாக தூர் நகர ஆயரும் வரலாற்றாசிரியருமான கிரகோரியார் எழுதி வைத்திருக்கிறார். பின்னால் பிரான்சின் அரசர்கள் முடிசூட இங்கே வந்ததற்கு இந்தத் திருமுழுக்குதான் காரணம். 1429இல் ஏழாம் சார்லஸை ஜோன் ஆஃப் ஆர்க் இங்கே அழைத்து வந்ததும் அதற்காகத்தான்.

என் அக்காவை நினைத்துக்கொண்டுதான் அந்தக் கல்லருகே முழங்காலிட்டேன். அத்தான் நல்ல மனிதர். ஞாயிறுதோறும் அக்காவைக் கோவிலுக்குக் கூட்டி வருவார், பூசை முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். உள்ளே வா என்று அக்கா ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. ஆனால் ஜெபிக்காத நாளும் இல்லை. அவர்கள் இருவருக்காகவும் ஒரு முழு ஜெபமாலை சொல்லி முடித்தேன்.

தென்பக்கத்தில் 1954இல் வைத்த வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்று உண்டு. திராட்சைத் தோட்ட வேலைகள் அத்தனையும் அதில் இருக்கின்றன. உழைப்பைக் கோவிலுக்குள் கொண்டுவந்த அந்தச் சன்னலை அவசியம் நின்று பாருங்கள்.

அப்புறம் நடந்தே புனித ரெமிஜியுஸ் பசிலிக்காவுக்குப் போனேன். பேராலயத்தைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. என்னைக் கேட்டால், ஜெபிக்க இதுதான் இடம். நீளமான, மங்கிய வெளிச்சமுள்ள ஆலயம். 1049இல் திருத்தந்தை ஒன்பதாம் லியோ நேர்ந்தளித்தது. மேலே தொங்கும் வட்ட விளக்கில் 96 மெழுகுதிரிகள். புனிதர் 96 வயது வாழ்ந்தார் என்ற நம்பிக்கை. பீடத்துக்குப் பின்னால் அவருடைய கல்லறை. எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்துக்கு இது அந்நியப் பெயர் இல்லை. கோட்டாறு ஆயராக இருந்தவரே பீட்டர் ரெமிஜியுஸ். உறவினர் வீட்டில் தீர்ந்துபோகும் நிலையில் இருந்த மதுப் பீப்பாயை புனிதர் சிலுவை அடையாளம் வரைந்து நிரம்பி வழியச் செய்தார் என்று இங்கே ஒரு பழங்கதையும் உண்டு. இயேசு தண்ணீரைத் திராட்சை மதுவாக்கிய கானாவூர்க் கல்யாணம் நினைவுக்கு வராமல் இருக்குமா?

இதே பசிலிக்காவில்தான் 1959இல் ஃபுஜிதா என்ற ஜப்பானிய ஓவியருக்கு மனமாற்றம் வந்தது. பாரிஸில் பெரும்புகழோடு வாழ்ந்தவர். அந்த ஆண்டு அக்டோபரில் பேராலயத்தில் திருமுழுக்குப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 72. மம் ஷாம்பெயின் நிறுவனத்தின் தலைவர் ரெனே லாலு அவருக்கு ஞானத்தந்தை. நன்றிக்கடனாக அந்த நிறுவனத்துக்கு எதிரிலேயே சமாதான அன்னைக்கு ஒரு சிற்றாலயம் எழுப்பி, 80ஐ நெருங்கிய வயதில் சுவர் முழுக்கத் தன் கையாலேயே ஓவியம் தீட்டினார். அவருடைய கல்லறையும் அங்கேதான். அந்தச் சுவர்களுக்கு நடுவே நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடவுள் ஒருவருக்காக 72 வருஷம் காத்திருக்கிறார் என்றால், அத்தானுக்கு இன்னும் அறுபதுகூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஓவியர் கதையைக் கேட்டுச் சிரித்தாள். "அந்த ராணி பேர் என்ன, இன்னொரு தடவை சொல்லு" என்றாள். குளோத்தில்தாவும் புனிதைதான், ஜூன் 3 திருநாள் என்றேன். அன்றைக்கு எங்கள் பங்கில் அத்தான் பெயரில் ஒரு பூசைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.