உடனிருப்பவர் பெயர்

வலப்பக்கக் குடலிறக்கத்துக்கு (ஹெர்னியா) அறுவை சிகிச்சை நாள் குறித்து வந்த கடிதத்தில், என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரே ஒரு வரிதான். காலையில் சேர்த்து, முழு மயக்கம் கொடுத்து, நுண்துளை முறையில், தசை நலிந்த இடத்தைத் தாங்க ஒரு வலை பொருத்தி மாலையே அனுப்பிவிடுவார்கள் என்றும், ஆனால் வயதுவந்த ஒருவர் வந்து அழைத்துப்போய் அடுத்த 24 மணி நேரமும் உடனிருக்க ஒப்புக்கொண்டால்தான் சிகிச்சை நடக்கும் என்றும் அதில் கண்டிருந்தது. டாக்சியில் தனியாகத் திரும்பவும் அனுமதி இல்லை. இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதமே ஆகியிருந்த எனக்கு, படிவத்தின் அந்தக் கட்டத்தில் எழுத ஒரு பெயர் இல்லை.

மூன்று நாள் தயங்கிவிட்டு, படிக்கட்டில் எதிர்ப்படும்போது தமிழில் நலம் விசாரிக்கும் மேல்மாடிப் பெரியவரிடம் போனேன். நான் சுற்றிவளைத்துப் பேசி முடிக்குமுன், "தேதியைச் சொல்லுங்க தம்பி" என்றார்.

அறுவைக்கு முந்தைய வாரம் செவிலியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நான் கேட்டிருந்தபடி தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இணைப்பில் இருந்தார். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறேனா, ஆடும் பல் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்றெல்லாம் கேள்விகள் வந்தன. வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்றபோது, "கடுக்கிறது" என்று மட்டும் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் சற்று நிறுத்தி, "சுளீரென்று இழுக்கிறதா, மந்தமாக உளைகிறதா?" என்று என்னைத் திருப்பிக் கேட்ட பிறகே ஆங்கிலத்துக்குப் போனார். ஓரளவு ஆங்கிலம் பேசுகிறவர்களும் இந்த உதவியைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அலுவலகத்துக்குப் போதுமான ஆங்கிலம் அடிவயிற்று வலிக்குப் போதவில்லை.

திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்புவரை குடிக்கலாம் என்று தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். மயக்கத்தில் இருமும் அனிச்சை அடங்கிவிடுவதால், இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதே காரணம். பால் கலந்த தேநீர் தண்ணீர்க் கணக்கில் வராது. நானோ, கூடுதல் கண்டிப்பு கூடுதல் நன்மை என்றெண்ணி முந்தைய மாலையிலிருந்தே தண்ணீரையும் விட்டுவிட்டேன். விடிந்தபோது தலை வலித்தது. ஊசி ஏற்ற இரத்தக்குழாய் கிடைக்காமல் புறங்கையில் இருமுறை குத்தவேண்டியதாயிற்று.

காத்திருப்புக் கூடத்தில் யாரோ என் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். குடும்பப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவர் இருந்ததால், அது நான்தான் என்று உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதன்பின் வந்த ஒவ்வொருவரும் பெயர், பிறந்த தேதி, என்ன அறுவை, எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். கோப்பைப் படிக்காமலே வருகிறார்கள் என்று முதலில் எரிச்சலாக இருந்தது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் அறிமுகப்படுத்திய பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலே, மயக்கம் கொடுக்குமுன் இவற்றை நோயாளியிடம் உறுதிசெய்யச் சொல்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அறுவை மருத்துவர் தம் கையாலேயே என் வலது தொடையிடுக்கின் மேல் மைப்பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டார்.

கண்விழித்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கரியமில வாயு, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி, ஓரிரு நாளில் போய்விடும் என்றார் செவிலியர். சிறுநீர் கழித்த பிறகே விடுவார்கள் என்பதால் இன்னும் இரண்டு மணி நேரம் போயிற்று.

அன்றிரவு பெரியவர் என் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடிதத்தின் பின்புறத்தில் மாத்திரை வேளைகளைக் குறித்துவைத்துக்கொண்டார். இருமல் வந்தபோதெல்லாம் தலையணையை எடுத்து நீட்டினார்; அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமினால் தையல் அவ்வளவாக இழுக்காது. மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து அழைத்து, இரவு முழுவதும் யாராவது உடனிருந்தார்களா என்று கேட்டார்கள். போனைப் பெரியவரிடம் கொடுத்தேன்.