பிள்ளைகளோடு தாமிரபரணியில் தூண்டில் போட

ஏப்ரல், மே மாதங்களில் காவிரியின் கடைமடையில் மணல்தான் கிடக்கும். தாமிரபரணியில் அப்போதும் தண்ணீர் ஓடும். அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை கரையோர ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் ஆறுதான். ஆனால் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்போது இடத்தை மீனுக்காகத் தேடக் கூடாது, பிள்ளைக்காகத் தேட வேண்டும். மீன் எங்கேயும் கொஞ்சமாவது இருக்கும்.

மருதூர், சுத்தமல்லி போன்ற அணைக்கட்டுகளுக்கு அடியில் மீன் கூடும் என்பது உண்மை. அங்கேதான் சுழலும் பாசி பிடித்த பாறையும் இருக்கின்றன. அந்தப் பக்கமே போக வேண்டாம். மணல் அள்ளிய பள்ளமும் அப்படித்தான். மேலே முழங்கால் தண்ணீர் போலத் தெரியும், ஓர் அடி தள்ளினால் ஆள் மட்டம். நல்ல இடம் எது என்றால் மரநிழல் விழும் கரை, மெதுவாக ஓடும் தண்ணீர், பிள்ளையின் முழங்காலுக்கு மேல் போகாத ஓரம். போனவுடன் பெரியவர் ஒருவர் கம்பு ஊன்றி நடந்து பார்த்துவிட வேண்டும். கோவில் படித்துறைகளில் தூண்டில் போடாதீர்கள். பாபநாசத்தில் பொரி போட்டு வளர்க்கிற மீன்களைப் பிடிப்பதை ஊர் பொறுக்காது.

தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். மேலே பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டாலும், மலையில் கோடை மழை பெய்தாலும் கீழே மட்டம் ஏறும். குச்சியில் இரண்டு விரல் ஏறினாலோ, தண்ணீர் கலங்கிச் சருகு மிதந்து வந்தாலோ, எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கரையேறிவிட வேண்டும். 'இன்னும் ஒரு மீன்' என்ற பேச்சே கூடாது.

சின்னப் பிள்ளைக்கு ரீல் வைத்த தூண்டில் வேண்டாம். நாலடி அல்லது ஐந்தடி மூங்கில் குச்சி போதும். குச்சி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம்தான் தங்கூஸ் (நைலான்) நரம்பும். அதற்கு மேல் விட்டால் பின்னால் இருக்கும் தங்கச்சியின் காதில் முள் மாட்டும். 0.20 மில்லிமீட்டர் நரம்பு, 12ஆம் எண் முள் (எண் கூடக் கூட முள் சிறிதாகும்), முள்ளுக்கு நாலு விரல் மேலே மிளகளவு ஈயம், தக்கைக்கு மயிலிறகுக் காம்பு ஒரு துண்டு. முள்ளின் உள்பக்கச் செதிலை (நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். மீன் கொஞ்சம் நழுவும், பரவாயில்லை. விரலில் ஏறினால் உருவி எடுத்துவிடலாம்.

வீசவும் சொல்லித்தர வேண்டாம். முள்ளுக்கு மேலே ஈயத்தை இடது கையில் பிடித்து, குச்சியை முன்னால் நீட்டி, கையை விட்டால் ஊஞ்சல் போலப் போய் விழும். தலைக்கு மேலே சுழற்றுவது பெரியவர்களுக்கு மட்டும்.

தக்கை படுத்துக் கிடந்தால் ஈயம் தரையில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். தக்கையைக் கீழே இறக்கி ஆழத்தைக் குறையுங்கள். தக்கை ஆடிக்கொண்டே இருந்து ஒன்றும் மாட்டாவிட்டால், புழு முள்ளைத் தாண்டி நீளமாகத் தொங்குகிறது. பொடி மீன் வாலை மட்டும் கடித்து இழுக்கும். ஒரு விரற்கடைக்குக் கிள்ளிக் கோத்துவிடுங்கள். தக்கை முங்கியதும் பிள்ளை குச்சியைப் பலத்தோடு வெட்டி இழுக்கும், மீன் மரத்தில் போய்த் தொங்கும். மெதுவாகத் தூக்கப் பழக்குங்கள்.

இரைக்கு முதல் நாள் சாயங்காலம் வாழைத்தோப்பிலோ எருக்குழி ஓரத்திலோ மண்புழு தோண்டி, ஈரமண்ணோடு சிரட்டையில் போட்டு, ஈரத்துணி மூடி நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் வெயிலில் வெந்து நாறும். புழுவைத் தொட அருவருக்கும் பிள்ளைகளுக்குக் கோதுமை மாவு: ஒரு கைப்பிடி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, பிய்த்த பஞ்சு சிறிது சேர்த்தால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. மிளகளவு உருட்டினால் போதும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் மண்ணும் சேர்த்துப் பிடித்த உருண்டை இரண்டை முதலில் போட்டுவிட்டால் கெண்டைக் குஞ்சுகள் கூடிவிடும்.

காலை ஆறு மணிக்குத் தூண்டில் தண்ணீரில் இருக்க வேண்டும். எட்டரைக்குக் கிளம்பிவிடலாம். வெயில் ஏறினால் ஓரத்துத் தண்ணீர் சுட்டு, மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும். அதோடு, ஆறு வயதுப் பிள்ளையின் பொறுமை ஒரு மணி நேரம்தான். மிச்ச நேரம் கூழாங்கல் பொறுக்கட்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், அந்தப் பெரியவர் கையில் தூண்டில் கிடையாது. இதில் மட்டும் சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

மாட்டுவது பெரும்பாலும் ஜிலேபியும் கெண்டையும். ஜிலேபியின் முதுகு முள் குத்தும்; ஈரத்துணியால் தலையிலிருந்து வால் பக்கமாக அமுக்கிப் பிடித்தால் முள் படுத்துவிடும். பனையேறிக் கெண்டையின் செவுள் மூடி கையை அறுக்கும். கெளுத்தியும் தேளியும் வந்தால் பிள்ளையைத் தொடவே விடாதீர்கள். தேளியின் முள்ளில் நஞ்சு உண்டு, குத்தினால் கடுகடுவென்று வலிக்கும். ஒரு பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போவது இதற்குத்தான். குத்திய இடத்தைக் கழுவி, பொறுக்கும் சூட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் ஊறவைத்தால் வலி இறங்கும், ஏனென்றால் அந்த நஞ்சு சூட்டில் கெடும். சூட்டைப் பெரியவர் தன் கையில் பார்த்த பிறகே பிள்ளையின் கையை வைக்க வேண்டும். பிறகு மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிடித்த மீன் தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தால் தோண்டாமல் நரம்பை அறுத்துவிடுங்கள், வீட்டில் அறுக்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.

செத்த மீன் கோடை வெயிலில் சீக்கிரம் கெடும். கரையிலேயே குடலை எடுத்துத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வையுங்கள். வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைச் சுரண்டி, கல் உப்பும் புளியும் போட்டு அலசினால் சேற்று வாடை குறையும். பிள்ளைகளுக்கு ஜிலேபியைக் கொடுங்கள், அதன் முள் சுலபமாகப் பிரியும். கெண்டையில் சதைக்குள்ளேயே பொடி முள் ஓடும். அதை நெருக்கமாகக் கீறி மொறுமொறுவென்று பொரித்துப் பெரியவர்கள் சாப்பிட்டுக்கொள்ளலாம்.