குரங்குகள் நடத்தும் சவ ஊர்வலம்

இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் முகவரிச் சான்று இருந்தால் யார்க் மின்ஸ்டர் பேராலயத்துக்குள் இலவசமாகப் போகலாம். குடிவந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு அது பெரிய ஆறுதல். வேலைக்கு மனு போட்டுவிட்டு வீட்டில் முடங்கிக் கிடந்த நேரம். மதியம் மூன்றரைக்கே இருட்டத் தொடங்கிவிடும். முகவரிச் சான்றாகக் காட்டும் கவுன்சில் வரி (உள்ளாட்சி வரி) ரசீதால் கிடைத்த ஒரே லாபம் இதுதான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

வருகிறவர்கள் எல்லாரும் கிழக்குப் பக்கத்துப் பெரிய ஜன்னலுக்குத்தான் ஓடுகிறார்கள். டென்னிஸ் மைதானம் அளவுக்கு வண்ணக் கண்ணாடி. உலகம் படைக்கப்பட்டதும் அழியப்போவதும் அதில் இருக்கின்றன. கோவென்ட்ரிக்காரரான கண்ணாடிக் கலைஞர் ஜான் தார்ன்டன் 1405இல் ஒப்பந்தம் போட்டு 1408இல் முடித்துக் கொடுத்தார். மொத்தக் கூலி 56 பவுண்டு. எங்கள் சமையலறை ஜன்னலைச் சரிசெய்ய வருவதாகச் சொன்னவர் இன்னும் வந்தபாடில்லை, அது வேறு கதை.

பிரமாண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாலும் மேலே இருப்பது பாதி புரியாது. என் மனசு ஒட்டிக்கொண்டது நடுக்கூடத்தின் வடக்குப் பக்க ஜன்னல்களில். 14ஆம் நூற்றாண்டு வேலை. ஒன்று, ரிச்சர்ட் டன்னாக் என்ற மணி வார்ப்பவர் கொடுத்த காணிக்கை. அதில் அவரே ஜன்னலைக் கையில் ஏந்தி, யார்க்கின் பேராயராக இருந்த புனித வில்லியம் முன்னால் மண்டியிட்டிருக்கிறார். பட்டறையில் மணி வார்க்கும் காட்சியும் உண்டு. ஓரங்கள் முழுக்க வரிசையாக மணிகள். பிரபுக்களும் ஆயர்களும் இருக்கிற இடத்தில் ஒரு பட்டறைக்காரர் தன் தொழிலோடு வந்து உட்கார்ந்துவிட்டார்!

அதே வரிசையில் இன்னொரு ஜன்னலின் அடியோரத்தில் குரங்குகள் சவ ஊர்வலம் நடத்துகின்றன. ஒன்று மணியடிக்கிறது, ஒன்று சிலுவை ஏந்துகிறது, நாலு பேர் பாடை தூக்குகிறார்கள். படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "இதென்னடா அதிசயம், நம்ம கோயில் தூண்ல இல்லாத குரங்கா?" என்றார்.

மஞ்சள் நிறத்தைக் கவனிக்க வேண்டும். வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின் பின்புறம் பூசிச் சூளையில் சுட்டால் அந்த இடம் மஞ்சளாகும். ஒரே துண்டில் வெள்ளை முகமும் பொன்னிற முடியும் கிடைக்கும், நடுவே துண்டுகளை இணைக்கும் ஈயப்பட்டை தேவையில்லை. அந்த நுட்பம் இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த காலத்தில் செய்த ஜன்னலும் இதே வரிசையில் உண்டு. சிவப்பு வேறு கதை: முழுக் கனத்துக்கும் சிவப்பாக இருந்தால் வெளிச்சமே புகாது என்பதால், நிறமில்லாத கண்ணாடிமேல் மெல்லிய ஏடாகச் சேர்ப்பார்கள்.

மன்னருக்கு எதிரான உள்நாட்டுப் போரில், 1644இல் நாடாளுமன்றப் படை ஊரைப் பிடித்தபோது இதெல்லாம் நொறுங்கியிருக்க வேண்டியது; ஆலயங்களில் படங்கள் கூடாது என்பவர்கள் அந்தப் பக்கம் நிறைய இருந்தார்கள். ஆனால் அந்தப் படையின் தளபதி தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ், யார்க் இருக்கும் யார்க்ஷயர் வட்டாரத்துக்காரர்; தன் ஆட்களைக் கைவைக்க விடவில்லை.

அப்புறம், வருகிறவர்கள் பைனாகுலர் கொண்டுவாருங்கள். வெயில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வடக்கு ஜன்னல்களுக்கு நேர்வெயில் எப்படியும் கிடையாது, மேகமூட்டமே போதும். இந்த ஊரில் அதற்கு மட்டும் பஞ்சமே இல்லை.